மூன்று கரண்டி சர்க்கரை

யோலேன் சோத்ரோன் ரத்தக் கறையின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள்.

எதிரில் இருந்த ரோஸ்மே பதறிப்போய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கறை கண்ணில் பட்ட மூன்று நாளாகக் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்து, இன்று காலை சேன் லூயிக்கு பஸ் ஏறி வந்து, இந்த அலுவலக மேஜையில் அவள் பிரித்து வைத்த ஒரே ஆதாரம் அது: அவள் கணவன் கிஸ்லேனுடைய கார் சாவி. சாவியில் தொங்கிய நீளவால் பறவையை வெள்ளை நூலில் பின்னிக் கொடுத்தவள் அவளேதான். பறவையின் வயிற்றில் செம்பழுப்பாய் ஒரு கறை படிந்திருந்தது.

"பயப்படாதீங்க. ஆதாரத்துக்கு ஊறுகாய் போடுற ஒரே துப்பறிவாளர் எங்க மேடம்தான்" என்றான் தியோ.

தியோ ஆறு வருடமாக யோலேனுக்கு உதவியாளன். எடை தொண்ணூற்றாறு கிலோ. மாடிப்படியைக்கூடச் சொந்த விரோதியாகப் பார்க்கிறவன். ரோஸ்மே சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

கறை மாறத் தொடங்கியது. ஓரத்திலிருந்து சிவப்பு கரைந்து உள்ளே போய், ஒரு நிமிடத்தில் பறவையின் வயிறு பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது.

"ரத்தம் இப்படி நிறம் மாறாது. இது மஞ்சள்" என்றாள் யோலேன்.

இந்தப் பிரெஞ்சுத் தீவில் மஞ்சள் போடாத கறி கிடையாது. கறி சிந்தாத சட்டையும் கிடையாது. மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தால் அது போவதற்குப் பதிலாகச் சிவந்து நிற்கும். புளிப்பு பட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, ரோஸ்மேக்கும் தெரியும். ஆனால் செத்துப்போன கணவனின் சாவியில் சிவப்பைப் பார்த்தவளுக்குச் சலவைக்கல் ஞாபகம் வருமா?

"அப்ப கூட மலைக்குப் போன ஆர்மான் அவரை ஒண்ணும் பண்ணலையா?"

"இந்தக் கறை அப்படிச் சொல்லல."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று தியோ எதிர்பார்த்தான். வரவில்லை. இருந்த கொஞ்சம் தெம்பும் வடிந்தது.

"அப்படின்னா அவரா குதிச்சதுதான்" என்றாள் ரோஸ்மே. "நான் சொன்ன சொல்லுக்காக."

அவள் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து யோலேன் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். விஷயம் இதுதான்.

கிஸ்லேனும் ஆர்மானும் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் மலைதான். பத்தொன்பது வருடம் ஐந்து பேராக ஏறினார்கள். இரண்டு பேர் பிரான்சுக்குக் குடிபோனார்கள், ஒருவருக்கு இடுப்பு போயிற்று. மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். சேர்ந்து நடந்தால் சண்டை வரும். கிஸ்லேன் ஆடு மாதிரி தாவுவார். முழங்கால் வலிக்காரரான ஆர்மான் ஒவ்வொரு பூவுக்கும் நிற்பார். அதனால் எதிரெதிராக நடந்து நட்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

எதிரெதிராக நடப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். தாயிபிட் கணவாய் வழியாக சிலாவோஸ் பக்கத்திலிருந்து சலாசி பக்கத்துக்கு ஆறு மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் நிறுத்திய காரை எடுக்கத் திரும்ப வேண்டுமே? சாலையோ தீவில் பாதியைச் சுற்றி வருகிறது. ஆகவே ஒருவர் இந்த முனையில் காரை விட்டு ஏறுவார், இன்னொருவர் அந்த முனையில். நடுவில் மார்லா கிராமத்தில் சந்தித்துச் சாப்பிட்டு, சாவியை மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் காரை ஓட்டிக்கொண்டு இறங்கி, சாயங்காலம் ஊரில் காரை மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. சாவி மாற்ற மறந்தால்தான் தொலைந்தது: ஆறு மணி நேரம் நடந்து, திறக்க முடியாத காருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தத் தவறு நேராமல் இருக்க இவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆர்மான் கொண்டுவரும் கறித்தூக்கின் மூடியைக் கழற்றி மல்லாக்க வைத்து, இரண்டு சாவியையும் அதில் போட வேண்டும். சாவி மூடிக்கு வராமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. பத்தே முக்காலுக்கு மார்லாவில் பிரிந்தார்கள் என்று ஆர்மான் போலீசில் சொல்லியிருந்தார். கிஸ்லேன் சலாசிக்குக் கிளம்பினார். ஆர்மான் கணவாய் ஏறி சிலாவோஸ் பக்கம் இறங்கி, கிஸ்லேனின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்; பிறகு காரையும் சாவியையும் ரோஸ்மேயிடம் ஒப்படைத்துவிட்டார். கிஸ்லேன் வரவில்லை. மறுநாள் காலை அவர் உடலைத் தாயிபிட் கணவாய்க்குக் கீழே பள்ளத்தில் கண்டெடுத்தார்கள், அதாவது காலையில் அவர் வந்த வழியில். சட்டைப்பையில் ஆர்மானின் கார் சாவி இருந்தது. சாவி மாறியாயிற்று, போக வேண்டியது கிழக்கே, சலாசி பக்கம். மனிதர் எதற்கு மேற்கே திரும்பி ஏறினார்?

ஊர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது: அவராகவே குதித்தார். ரோஸ்மேயும் அதையேதான் வைத்திருந்தாள்.

"அன்னைக்கு என் தங்கச்சி மகளுக்கு முதல் நற்கருணை" என்றாள். "கோயிலுக்கு வராம மலைக்குக் கிளம்பினாரு. மலையையே கட்டிக்கோ, போ, திரும்பி வராதன்னு கத்தினேன். நூறு தடவை சொன்ன சொல்லுதான். அவரு எப்பவும் சிரிப்பாரு. அன்னைக்குச் சிரிக்கல."

இன்னொன்றும் இருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த பையில் பிளாஸ்க் இருந்ததாம். விழுந்ததில் ஒழுகியது போக அடியில் மிச்சமிருந்த காப்பியைக் கழுவுதொட்டியில் கொட்டினால், அரை மணியில் எறும்பு மொய்த்துவிட்டது. கிஸ்லேனுக்குச் சர்க்கரை வியாதி. எட்டு வருடமாக வெறுங்காப்பிதான். "சாகப் போறவனுக்கு வியாதி எதுக்குன்னு நினைச்சிருக்காரு" என்றாள் ரோஸ்மே. கண்ணில் தண்ணீர் இல்லை. மூன்று மாதமாகவே அது வரவில்லை.

அவள் போன பிறகு யோலேன் பறவையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கறை வயிற்றில் மட்டும் இல்லை. சாவியின் பல்லிடுக்கில்கூட மஞ்சள் தெரிந்தது.

"கறி கையோட தொட்டா விரல் அடையாளம்தானே விழும்? இது குளிச்சிருக்கு, தியோ."

"பறவை குளிக்கிறதுதானே மேடம். கோழிக் கறியில குளிக்கிறதுதான் கொஞ்சம் அவமானம்."

"சாவி கறிக்குள்ள கிடந்திருக்கு. அப்புறம் யாரோ சோப்புப் போட்டுத் தேய்ச்சு, அதைப் பத்தி வாயே திறக்காம திருப்பிக் கொடுத்திருக்காங்க. நாளைக்கு மார்லா போறோம்."

"மார்லாவுக்குச் சாலை கிடையாதே" என்றான் தியோ. அவள் ஏற்கனவே பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

*

அதிகாலை ஐந்தரைக்கே ஏறத் தொடங்கினார்கள். இங்கே சோம்பேறிக்கு மலை கிடையாது. வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து ஈரக்காற்று சரிவு வழியாக மேலே வரும். பத்துமணிக்குள் பள்ளத்தாக்கு பால் பொங்குகிற பாத்திரம் போல் நிறைந்துவிடும். அதற்கப்புறம் நீட்டிய கை தெரியாது. அதனால்தான் பத்துமணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் யோலேன் பொறுமையாக விளக்கிக்கொண்டே ஏறினாள். தியோவிடம் கேட்பதற்குக் காது இருந்தது, பதில் சொல்ல மூச்சுதான் இல்லை.

கணவாயைத் தாண்டி மார்லா பக்கம் கொஞ்சம் இறங்கியதும் ஒரு வளைவு. மரக்கட்டைகளைப் பதித்துக் கட்டிய படி. மழைக்கு வழுவழுத்திருந்தது. கிஸ்லேன் விழுந்த பள்ளம் இதற்கு நேர்கீழே; படியின் ஓரத்தில் காய்ந்த பூங்கொத்து ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். யோலேன் குனிந்து படியைப் பார்த்தாள். சொல்வதற்குத் தியோவிடம் நகைச்சுவை ஒன்று தயாராக இருந்தது, இதே மாதிரி படிகளைப் பற்றி. பூங்கொத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

மார்லாவில் கடை வைத்திருக்கும் ஃபிலோமேனுக்கு அந்த ஞாயிறு நன்றாக நினைவிருந்தது. போலீஸ்காரர்கள் வந்தார்கள், கிஸ்லேன் திரும்பி வந்தாரா என்று கேட்டார்கள், வந்தார் என்று சொன்னாள். எதற்கு வந்தார் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காததைச் சொன்னால் கடையை யார் பார்ப்பது?

யோலேன் கேட்டாள். ஃபிலோமேன் சொன்னாள். அன்று பதினொன்றரைக்குப் மலையோட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிற பையன் ஒருவன் தாயிபிட் பக்கமிருந்து தலைதெறிக்க ஓடி வந்தான். சிவப்புத் தொப்பி போட்டவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டுக்கொண்டு அதே வேகத்தில் கிழக்கே ஓடினான். போன் எடுக்காத இடத்தில் அப்படித்தான் செய்தி போகும். எதிரே வருகிறவர் வாயில் போட்டு அனுப்புவார்கள். பன்னிரண்டரைக்குக் கிஸ்லேனின் சிவப்புத் தொப்பி திரும்பி வந்தது. சாப்பிட்ட இடத்தில் மண்டியிட்டு, புல்லைக் கையால் கோதிக் கோதித் தேடினார். எதையும் எடுக்கவில்லை. பிறகு கடைக்கு வந்து பிளாஸ்கை நீட்டினார்.

"மூணு கரண்டி சர்க்கரை போடச் சொன்னாரு" என்றாள் ஃபிலோமேன். "உனக்கு ஆகாதேன்னேன். எனக்கில்ல, மேல ஒரு கழுதை முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், அதுக்குன்னாரு. அன்னைக்குன்னு பாத்து காஸ் தீர்ந்துபோச்சு. விறகு மூட்டிப் போட்டுக் கொடுத்தேன். முழுசா கால் மணி நேரம் நின்னு வாங்கிட்டுப் போனாரு."

"கோபமா இருந்தாரா?"

"இல்லையே, சிரிச்சுக்கிட்டேதான் நின்னாரு. சாயங்காலம் வீட்டுல திட்டு காத்திருக்கு, பூ ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. பூ எங்க இருக்கு, பூண்டுதான் இருக்குன்னேன்."

இரண்டு பேரும் கடையை விட்டு, வந்த வழியே ஏறினார்கள். எறும்பு மொய்த்த காப்பி ஒரு மனைவிக்குச் சாவின் அடையாளமாகத் தெரிந்திருக்கிறது. அது வேறொருவருக்கான காப்பி.

*

ஆர்மான் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சேன் லூயிக்கு மேலே மேட்டில் தனி வீடு. சாயங்காலம் நான்கு மணிக்கு அவர்கள் போனபோது சமையலறையில் அவரை மட்டும் வைத்துக்கொண்டு வானொலி பாடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னார். காப்பி போட்டார். தன் கோப்பையில் மூன்று கரண்டி சர்க்கரை அள்ளிப் போட்டதைத் தியோ எண்ணினான்.

யோலேன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்த அலுமினியத் தூக்கைப் பார்க்கலாமா என்றாள். அதை மேஜையில் வைத்து, மூடியைக் கழற்றி, தட்டு மாதிரி மல்லாக்க வைத்தாள். பைக்குள்ளிருந்து கிஸ்லேனின் சாவியை எடுத்து அதில் போட்டாள். நூல் பறவை மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"சாப்பிட்டாச்சு. கிஸ்லேன் உங்க சாவியை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாரு" என்றாள். "மேகம் வந்துடுச்சு. அவசரம். தூக்கை மூடுங்க, ஆர்மான்."

ஆர்மான் கையை நீட்டவில்லை. பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லாந்த மூடியால் தூக்கை மூட வேண்டுமானால் அதைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் அதில் இருப்பது உள்ளே விழும். அடியில் கறி மிச்சம் இருந்தால் சத்தம்கூட வராது. சாவி தொலையாமல் இருக்கப் போட்ட சட்டமே சாவியைத் தொலைத்திருந்தது. இதைத் தியோ அந்த நிமிடம்தான் புரிந்துகொண்டான். ஆர்மான் மூன்று மாதமாகப் புரிந்துகொண்டேயிருந்தார்.

பிறகு அவராகவே சொன்னார். பாதி ஏற்றத்தில் பையைத் தடவினால் சாவி இல்லை. கிஸ்லேன் இரண்டையும் எடுத்துப் போய்விட்டான், இல்லையென்றால் சாப்பிட்ட இடத்தில் விழுந்திருக்கிறது என்று நினைத்தார். திரும்பி இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எதிரே ஓடி வந்த பையனிடம் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு, கணவாயில் போய் உட்கார்ந்தார். பகல் ஒரு மணி ஆயிற்று. கிஸ்லேனின் நடைக்கு அதற்குள் வந்திருக்க வேண்டும். மேகம் மூடி, மழை பிடித்தது. ஒன்றேகாலுக்குப் பசி எடுத்துத் தூக்கைத் திறந்தார். பறவை கறிக்குள் கிடந்தது.

"அவன் நடைக்கு இந்நேரம் வந்திருப்பான், வரலைன்னா செய்தி போய்ச் சேரலைன்னு கணக்குப் போட்டேன்" என்றார். "இருந்தாலும் ஒரு சீட்டு எழுதி, கணவாய்ல இருக்கிற வழிகாட்டிக் கம்பத்தடியில ஒரு கல்லுக்கு அடியில வச்சுட்டு இறங்கினேன். இன்னும் கொஞ்சம் உக்காந்திருக்கலாம். உக்காரல. உண்மையைச் சொல்லணும்னா, வந்தா சிரிப்பானேன்னு இருந்துச்சு. வருஷம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

அடக்கம் முடிந்த வாரம், வலியோடு மறுபடி கணவாய்க்கு ஏறினார். சீட்டு கல்லுக்கு அடியிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பிஸ்கட் உறையைக் கிழித்த அட்டை. நனைந்து காய்ந்த எழுத்து.

*சாவி கறிக்குள்ள இருந்துச்சு. சிரிக்காத. திரும்பிப் போ, சாயங்காலம் பார்க்கலாம்.*

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் யோலேன்.

"சொன்னா, என்னைத் தேடி வந்துதான் செத்தான்னு ஆயிடுமே. அவனா குதிச்சான்னு ஊர் பேசினப்ப, பாவி, எனக்கு மூச்சு வந்துச்சு. ரோஸ்மே எப்படி மூச்சு விடுவான்னு நினைச்சுப் பாக்கல. அப்புறம் நினைச்சேன். அதுக்குள்ள நாளாயிடுச்சு."

யோலேன் அவரிடம் ஃபிலோமேன் கடையைப் பற்றிச் சொன்னாள். புல்லில் தேடியதை, பூ கேட்டதை, பிளாஸ்கை, மூன்று கரண்டியை. ஆர்மான் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மூணா?"

"மூணு."

அவர் உதடு ஏதோ கணக்குப் போட்டது. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே கேட்டார், அந்தக் காப்பி போட எவ்வளவு நேரம் ஆயிருக்கும் என்று.

யோலேன் சாவியை மூடியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள். அதனால் ஆர்மானின் பார்வை தியோ பக்கம் திரும்பியது. ஆறு வருடத்தில் எந்தக் கேள்விக்கும் தியோவிடம் பதில் இல்லாமல் போனதில்லை.

"தெரியல மாமா. ஃபிலோமேன் சொல்லல" என்றான்.

*

மறுநாள் காலை ரோஸ்மே வீட்டு வாசலில் ஆர்மான் கால்மணி நேரம் நின்றார். தியோவும் யோலேனும் தெருவின் எதிர்ப்பக்கம் காரில் இருந்தார்கள். அவர் தனியாகப் போக வேண்டும் என்பது யோலேனின் நிபந்தனை. கதவு திறந்தபோது ரோஸ்மே இவர்களையும் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

ஆர்மான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. கணவாயில் உட்காராமல் போனதையும், ஊர்ப்பேச்சில் மூச்சு விட்டதையும் சொன்னார். ரோஸ்மே பிஸ்கட் அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு யோலேன் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பூ கேட்டாரா?"

"கேட்டாரு. சாயங்காலம் வீட்டுல திட்டு காத்திருக்குன்னு சொல்லிக் கேட்டாராம்."

ரோஸ்மே கழுவுதொட்டிப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எறும்பு வந்த அதே தொட்டி. தோள் குலுங்கியது. மூன்று மாதமாக வராத அழுகை. அது சத்தமில்லாமல் ரொம்ப நேரம் நடந்தது. யாரும் அவளைத் தொடவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள். ஒரே ஒரு கோப்பை எடுத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டாள். கலக்கி, ஆர்மானுக்கு முன்னால் வைத்தாள்.

"குடி. உனக்காகத்தான் தூக்கிட்டு வந்தாரு."

ஆர்மான் குடித்தார். பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி தனக்குத் தானே புகட்டிக்கொண்டார். கடைசி மடக்குவரை அவள் எதிரிலேயே நின்றாள். கோப்பையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கையை நீட்டி வாசலைக் காட்டினாள்.

"போ" என்றாள். "இனிமே திரும்பி—"

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். அடுத்த சொல் அவள் வாய்வரை வந்து நிற்பதைத் தியோ பார்த்தான். நூறு தடவை சொன்ன சொல். ஆர்மான் தலையைக் குனிந்து அதற்காகக் காத்திருந்தார். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

ரோஸ்மே அதை விழுங்கினாள். வெளியே மலைப்பக்கம் மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் மூன்று படி, அவருக்கோ முழங்கால் வலி.

"பார்த்துப் போ" என்றாள்.